ஒரு வாளி அருவி

வீட்டை எப்படி வசதியாக வைத்துக்கொள்வது என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் யாரும் திண்டுக்கல்லில் குடியிருந்ததில்லை. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். இருபது வருஷமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். ஒரு வார இதழில் வீட்டு அலங்காரம் பற்றித் தொடர் வந்துகொண்டிருந்தது. சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள் என்றார்கள், அடித்தேன். கனத்த திரையை எடுத்துவிட்டு மெல்லிய திரை போடுங்கள் என்றார்கள், போட்டேன். (தெருவில் போகிற மாடுகூட நாங்கள் சாப்பிடுவதை நின்று பார்த்தது.) உயரம் குறைந்த சோபாதான் உடம்புக்குச் சுகம் என்றார்கள், வாங்கினேன். அதில் உட்கார்ந்த என் மாமனாரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்கடுத்த வாரம், "கூடத்தில் நீர் விழும் ஓசை இருந்தால் மனம் அமைதியடையும்" என்று எழுதியிருந்தார்கள்.

மதுரைப் பொருட்காட்சிக்குப் போய் ஓர் அருவி வாங்கி வந்துவிட்டேன். இடுப்பு உயரத்துக்கு ஃபைபர் பாறை, நான்கு பிளாஸ்டிக் செடி, உள்ளே ஒரு பச்சை பல்பு. அடித்தொட்டியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் அதே தண்ணீர் மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடியும் ஏறும்.

என் மனைவி ஜெசிந்தா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "குடிக்கத் தண்ணி இல்ல. பாக்குறதுக்குத் தண்ணியா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அது மழை ஏமாற்றிய வருஷம். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் நூல் மாதிரி வரும். 'திண்டுக்கல்லா? தண்ணி கிடையாதே!' என்று பெண் கொடுக்கத் தயங்குவார்கள் அந்தக் காலத்தில். அப்படிப்பட்ட ஊரில், ஜன்னலைத் திறந்து வைத்து, மெல்லிய திரை வழியாக, நாளெல்லாம் சலசலவென்று தண்ணீர்ச் சத்தத்தைத் தெருவுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மனம் அமைதியாகத்தான் இருந்தது, என் மனம் மட்டும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பினால், வாசலில் பத்திருபது பேர். எல்லார் இடுப்பிலும் பிளாஸ்டிக் குடம். முன்னால் நின்றது பக்கத்து வீட்டு செல்வி அக்கா.

"ஏன் சார், ஊரே நாக்குத் தள்ளிக் கெடக்கு. ஒங்க வீட்டுல மட்டும் அம்புட்டுத் தண்ணி எங்கிட்டு இருந்து கொட்டுது?"

"அக்கா, அது ஒரு வாளித் தண்ணி. அதேதான் சுத்திச் சுத்தி விழுகுது."

"ஒரு வாளி எப்பிடி சார் பத்து நாளா விழுகும்? நாங்க என்ன காதுல பூ வச்சிருக்கமா?"

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுப் பாறையைக் கழற்றிக் காட்டினேன். வகுப்பெடுப்பது போல விளக்கினேன். ஒருத்தர் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தார். யாரும் நம்பவில்லை. அதற்குள் யாரோ தகவல் சொல்லி, குழாய் பார்க்கிற அரசு ஊழியர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"குழாயில மோட்டார் வச்சு உறிஞ்சுறதாப் புகார், சார். செத்த நேரம் பாத்துட்டுப் போயிர்றேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பூசையில் வாசகம் படிக்கிற மனுஷன் நான். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவன். என் வீட்டில் திருட்டு மோட்டாரா? (கல்யாணமான நாளிலிருந்து நான் வளர்த்து, எண்ணெய் தடவி, முறுக்கி வைத்திருந்த மீசை துடித்தது. உண்மையாகவே துடித்தது.) தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நல்லாப் பாருங்க! மூலை முடுக்கெல்லாம் பாருங்க! இந்த வீட்டுல மோட்டார் இருந்தா இன்னைக்கே என் மீசைய எடுத்துர்றேன்!"

"என்னங்க..." என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"நீ பேசாத! நமக்கு என்ன பயம்?"

"அதுக்கில்லங்க..."

"பேசாதன்னு சொன்னேன்ல!"

அந்த ஊழியர் கூடத்தைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அண்டா கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தினார். அடியில், சாக்கில் சுற்றி, பதவிசாக, ஒரு மோட்டார்.

ஐந்து வருஷமாக அந்த அண்டாவைத் தாண்டித்தான் நான் தினமும் பல் விளக்கப் போனேன். ஒருமுறை அது ஏன் கவிழ்ந்தே கிடக்கிறது என்று கேட்டதற்கு, "நிமித்தி வச்சா பூனை குட்டி போட்டுரும்" என்றாள் ஜெசிந்தா. வரலாறு படித்தவன், அதையும் நம்பினேன்.

"என்ன ஜெசிந்தா இது?" என்றேன்.

"பின்ன? காலையில ரெண்டு வாளி, சாயங்காலம் ரெண்டு வாளி குளிக்கிறீகளே, அது வானத்துல இருந்தா வந்துச்சு?"

ஊழியர் மோட்டாரைக் கழற்றி சைக்கிளில் கட்டினார். "சார், அந்தப் பாறைக்குள்ள தண்ணிய ஏத்துறதும் மோட்டார்தான். கணக்குக்கு ரெண்டு ஆச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வந்ததுதான் வந்தேன், தெருப் பூரா எல்லா வீட்டுலயும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன்" என்றார்.

அவ்வளவுதான். பத்திருபது குடமும் போன இடம் தெரியவில்லை. அடுப்பில் உலை வைத்தது செல்வி அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம்வரை எங்கள் தெருவில் எந்தக் கதவும் திறக்கவில்லை. இதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஊர் முழுக்க மோட்டார். சத்தியம் செய்த மடையன் நான் ஒருவன்தான்!

சொன்ன சொல் சொன்னதுதான். மறுநாள் வழுவழுவென்று வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் புது வாத்தியார் என்று எழுந்து வணக்கம் சொன்னார்கள். அருவியை ஜெசிந்தா கொல்லைக்கு மாற்றி, அதில் புதினா வளர்த்தாள். அந்த வாரமே அவள் தம்பிக்குக் கல்யாணம். ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் நான் தும்மப் போகிறவன் போல மூக்குக்குக் கீழே கைக்குட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வருஷம் எங்கள் மகள் மெர்லினுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம் பக்கம். வந்த முதல் நாளே அவள் அந்த ஆல்பத்தை அவர் மடியில் வைத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க மாமா, இப்ப வீட்டுல மோட்டார் எதுவும் இல்லைங்களே?"

'இல்லவே இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதற்கும் ஒருமுறை ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.