குளியல் தொட்டியில் ஒரு பீரங்கி

திருகோணமலை,
1973 ஆடி மாதம்.

கொழும்பில் இருக்கும் மதிப்புக்குரிய அலியார் காக்கா அவர்களுக்கு, தங்கை ஸல்ஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பொய் எழுத ஏலாது. நாங்கள் இப்போது குளிப்பது அடுத்த வீட்டில்.

காரணம் உங்கள் மச்சான் கலீலுர் றஹ்மான்தான். மாரி முடிந்த கையோடு, சல்லி ஊரில் சங்கு குளிக்கும் யோகராசா, கடலடியில் உடைந்து கிடந்த பழைய கப்பலில் இருந்து ஆள் நீளத்துக்கு ஒன்றைக் கரைக்கு இழுத்துவந்தார். சிப்பியும் சுண்ணாம்பும் மேலே ஓடாக இறுகிப் பிடித்து, பார்வைக்குப் பெரிய மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருந்தது. பழம்பொருள் அதிகாரி பாக்கியரத்தினம் வந்து தட்டிப் பார்த்தார். "ஒல்லாந்தற்ற காலத்து இரும்புப் பீரங்கி. இவ்வளவு காலம் உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தது, காஞ்சால் உதிர்ந்துபோம். நல்ல தண்ணியில சலவைச் சோடா கரைச்சு ஊறப்போடுங்கோ, உப்பு மெல்ல இறங்கட்டும். நான் வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிப் போனவர்தான். ஆள் நீளத் தொட்டி வேறு யாரிடம் உண்டு? உங்கள் மச்சான் தானே முன்வந்து, நம் வாப்பா கட்டிய கிணற்றடித் தொட்டிக்குள் அதைப் படுக்கவைத்தார். சவர்க்காரத்துக்கே ஊர் வரிசையில் நிற்கிற காலத்தில் இந்த மனுசன் சோடாவை அள்ளி அள்ளிக் கொட்டுகிறார். தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "ஸல்ஹா, இன்னும் உப்பு இரிக்கி" என்கிறார். நான் ஆக்கும் ஆணத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்தேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை, மகள் றம்ஸியாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் வாப்பா முஹம்மது தம்பி என்பவரும் உம்மா சித்தி பரீதா என்பவரும் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இருந்து துறை கடந்து, மகளுக்கு நாம் எழுதிக்கொடுக்கப்போகும் இந்த வீட்டைப் பார்க்க வந்தார்கள். அறை பார்த்தார்கள், குசினி பார்த்தார்கள், கிணற்றடிக்கு வந்ததும் சித்தி பரீதா நின்றுவிட்டார். "இதும் வீட்டோட வருதா?" என்று கேட்டார். உங்கள் மச்சான் வாயைச் சும்மா வைத்திருக்கக் கூடாதா? "வீடு புள்ளைக்கு, பீரங்கி அரசாங்கத்துக்கு. ஆனா அதை இப்ப அசைக்க ஏலாது, மாப்பிள்ளை பக்கத்துல நிண்டு வாளியால குளிச்சுக்கொள்ளட்டும்" என்கிறார். அந்த நேரம் பார்த்து முஹம்மது தம்பி தொழுகைக்கு வுழூ செய்யத் தொட்டியில் கை வைத்தார். சோடாத் தண்ணீர் வழுக்கி, தலைப்பாகையோடு உள்ளே விழுந்து, பீரங்கியைக் கட்டிப்பிடித்தபடி எழும்பப் பார்த்தார். கையில் ஓட்டுத் துண்டு ஒன்று உடைந்து வந்துவிட்டது. உங்கள் மச்சான் சம்பந்தியைத் தூக்கவில்லை காக்கா. துண்டைப் பிடுங்கித் தண்ணீருக்குள் போட்டார். "ஆளைத் தூக்குங்க!" என்று நான் கத்தினேன். "ஆள் காஞ்சா ஒண்டும் ஆகாது, துண்டு காஞ்சா உதிர்ந்திரும்!" என்றார். அவர்கள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். றம்ஸியா அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஆகவே காக்கா, கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். பீரங்கியைக் கொண்டுபோய்க் கடலில் போடுங்கள், இல்லையென்றால் என்னையும் மகளையும் கொழும்புக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் மச்சானை என்ன செய்வது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். மதினிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு, நொந்துபோன தங்கை,
ஸல்ஹா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாக்கியரத்தினம் வந்து சின்னச் சுத்தியலால் அந்தச் சிப்பி ஓட்டைத் தட்டித் திறந்தார். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை! "அடிச்சுச் செய்த இரும்பு, கடல் முழுக்கத் தின்றுபோட்டுது. கவலைப்படாதேங்கோ, இந்த வெறும் இடத்துக்குள்ள பரிஸ் சாந்து ஊத்தினால் பீரங்கி அச்சொட்டாய் வரும்" என்றார். உங்கள் மச்சான் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து அழுதார். எனக்கே பாவமாகிவிட்டது. அந்நேரம் பார்த்து சித்தி பரீதா ஆள் அனுப்பியிருக்கிறார். முஹம்மது தம்பி, "ஒல்லாந்தன்ட பீரங்கியை இந்தக் கையால உடைச்சனான்" என்று கிண்ணியா முழுக்கச் சொல்லித் திரிகிறாராம், ஊரே பார்க்க வரப்போகிறதாம், வீடு பீரங்கியோடு வந்தால்தான் கலியாணத்துக்குச் சம்மதமாம். உங்கள் மச்சான் உண்மை சொல்ல வாயைத் திறந்தார், நான் அந்த வாய்க்குள் இனிப்புத் தொதலைத் திணித்துவிட்டேன். ஆகவே வரும்போது ஒரு மூட்டை பரிஸ் சாந்தும் கறுப்புப் பெயிண்டும் வாங்கிவாருங்கள். நிக்காஹ் முடியும்வரை யார் கேட்டாலும், அது இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.