ஜூனியர் இண்டரின் ரயில் பாடம்

உலகத்தில் ஃபெயிலானவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃபெயிலானதையே ஒரு படிப்பாகப் படித்து, அதில் கரைகண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பாஸ் செய்ய வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ராஜபாளையத்தில் அவரை ‘ஜூனியர் இண்டர்’ என்பார்கள். இண்டர்மீடியட்டில் முதல் வருடத்தைத் தாண்டாதவர் என்று அர்த்தம். மதுரைக்குப் போய்ப் படித்துத் தோற்றுத் திரும்பி, ஜின்னிங் ஃபாக்டரியில் பஞ்சு எடை போடும் குமாஸ்தா ஆனவர். அவருடைய சொந்தப் பெயரை ஊர் அன்றோடு மறந்துவிட்டது. பெயரை மறந்து தோல்வியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை.

ஜூன் மாதம் பிறந்தால் மனுஷனைப் பிடிக்க முடியாது. எந்த வீட்டுப் பையன் எந்த ரயிலில் காலேஜுக்குப் போகிறான் என்று விசாரித்து வைத்திருப்பார். பையனின் அப்பா டிரங்குப் பெட்டியை ஏற்றுவதற்குள் இவர் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தன் காசில் டிக்கெட். அங்கே ரயில் போய்ச் சேருவதற்குள் காலேஜில் எப்படிப் படிப்பது என்பதை முழுக்கச் சொல்லி முடித்து, இறங்கி, ரோட்டில் வருகிற ஏதாவது ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்புவார். யாரும் கூப்பிட்டதில்லை. தப்பித்தவனும் இல்லை.

என்னையும் பிடித்தார். “அடிக்க ஆளில்லாத எடத்துல படிக்கிறதுதான் தம்பி காலேஜு. புரிஞ்சுதான்னு ஒரு பய கேக்க மாட்டான்” என்று ஆரம்பித்தார். முன் பெஞ்சில் பயம் வரும், பின் பெஞ்சில் தூக்கம் வரும், ஆகவே மூன்றாவது பெஞ்சு. உருப்போடக் கூடாது. அவர் தர்க்க சாஸ்திரப் புத்தகத்தைக் கமா, புள்ளி உள்பட உருப்போட்டவர்; பரீட்சையில் முதல் வார்த்தை மறந்துபோனதால் மிச்சப் புத்தகமும் அதன் பின்னாலேயே நின்றுவிட்டதாம். அன்றன்றைய பாடத்தை அன்று சாயங்காலமே, அது ஒன்றும் தெரியாத ஒரு ஆளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கேட்கிறவன் கொட்டாவி விட்டால் பரவாயில்லை. சொல்கிறவன் விட்டால் மறுபடி படிக்க வேண்டும். நான் ஹாஸ்டல் சமையல்காரருக்குச் சொன்னேன். பாவம், அவர் வருடம் முழுக்க என்னைக் கண்டால் விறகுக் கொட்டடிக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

இதையெல்லாம்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. ஆடிப்பூரத்தில்தான் வம்பு வந்தது. காலேஜ் திறந்து பாடம் சூடு பிடிக்கிற நேரத்தில் ஆண்டாள் தேர் வரும். எங்கள் பக்கத்துப் பையன்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, தேர் பார்த்து, வீட்டுச் சாப்பாட்டு ருசியில் ஒரு வாரம் தங்கிவிடுவார்கள். அப்புறம் விட்ட பாடத்தை எட்டிப் பிடிப்பதேது? ஜூனியர் இண்டர் கெட்டுப்போனதே அப்படித்தான். அதனால் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் காவல் நிற்பார். முதல் வருஷப் பையன் எவன் இறங்கினாலும் அடுத்த ரயிலில் மதுரைக்கே திருப்பி ஏற்றிவிடுவார். ஒருவன் தண்டவாளப் பக்கமாகக் குதித்து ஓடியும் விடவில்லை. “தேரு நெலைக்கு வந்துரும் தம்பி, விட்ட பாடம் வராது” என்று என்னையும் ஏற்றிவிட்டார். புளியோதரையை நினைத்துக்கொண்டு விருதுநகர் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். சாமி காரியத்தைக் கெடுக்கிறான் என்று பெரியவர்கள் அவரைச் சபித்தார்கள். காவல் நின்றதில் அவர் தேர் பார்த்தே வருஷக்கணக்காயிற்று என்பதை எவனும் கவனிக்கவில்லை.

பையன்கள் பாஸ் செய்தார்கள். வக்கீலானார்கள், தாலுகா ஆபீசில் உட்கார்ந்தார்கள். லீவில் வரும்போது ஃபாக்டரி வாசலில் நின்று, “என்ன ஜூனியர் இண்டர், எப்ப சீனியர் ஆவீரு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். படிப்பு மனிதனுக்கு என்ன தருகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவருக்கும் ஒரே மகன். யுத்த காலத்தில் அவனும் காலேஜுக்குக் கிளம்பினான். தன் வீட்டில் ஒருவன் இண்டர் தாண்ட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது. அன்று சலவை வேட்டி கட்டி, டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் அதே பெட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போக ஏறியிருந்தேன். அவர் படியில் கால் வைத்ததும் பையன், கூட்டாளிகள் முன்னால் சொன்னான்:

“நீங்க ஏற வேண்டாம்ப்பா. ஃபெயிலானவுக பேச்சைக் கேட்டு நான் எங்க பாஸ் பண்ண?”

பிளாட்பாரமே சிரித்தது. சிரித்தவர்களில் அவரிடம் பாடம் கேட்டுத் தேறிய வக்கீல் ஒருவரும் உண்டு. ஜூனியர் இண்டர் மெதுவாகக் காலை எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியின் அடுத்த வாசல் வழியாக ஏறினார்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தடுப்புப் பலகை ஆள் உயரம்கூட இருக்காது. ரயில் நகர்ந்ததும் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது. வழக்கத்தைவிட இரண்டு பங்கு சத்தம். எதிரே அகப்பட்டவர் தேவதானத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், வரப்புத் தகராறு வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர். அவரிடம்தான் பாடம் நடந்தது. மூன்றாவது பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“கோர்ட்டுல எங்களை எங்கய்யா உக்கார விடுதாக?” என்றார் சம்சாரி.

ஜூனியர் இண்டர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. உருப்போடாதே என்றார். சாயங்காலமே சொல்லிப் பார் என்றார். ஆடிப்பூரத்துக்கு வராதே, உங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன் என்றபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

பையன் எனக்கு எதிரில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். ரயில் கண்மாயைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்டான். காலால் இடித்துப் பார்த்தேன், மறுபக்கம் சாய்ந்துகொண்டான். அவன் பாஸ் செய்தானா என்று கேட்பீர்கள். செய்தான். பெரிய உத்தியோகத்துக்கும் போனான். யார் உதவியும் இல்லாமல் படித்ததாக எல்லோரிடமும் சொல்கிறான், அதில் பொய்யொன்றும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். மகனின் ஜன்னல் பக்கம் திரும்பாமல், ரயில் போகும் வரைக்கும் நின்றார். பிறகு தொண்டை கட்டிப்போன குரலில் என்னிடம் கேட்டார்:

“தம்பி, அவன் காதுல விழுந்துச்சா?”

“ஒரு வார்த்தை விடாமக் கேட்டான் அண்ணாச்சி.”

“மூணாவது பெஞ்சு?”

“அதுக்குத் தலையைக்கூட ஆட்டினான்.”

அவர் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். அந்த மனுஷனுக்காக இன்னொரு பொய் சொல்லச் சொன்னாலும் யோசிக்காமல் சொல்வேன்.