ஒவ்வொரு கோடாக வீரமலை

சோம்பேறிகளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சுறுசுறுப்பானவர்களுக்கும் புகழ்ச்சிக்குக் குறைவில்லை. இந்த இரண்டிலும் சேராமல், காலை முதல் மாலை வரை வியர்க்க வியர்க்க உழைத்தும் வேலை மட்டும் முடியாமலே இருக்கும் ஓர் இனம் உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஒவ்வொன்றாக ஆசாமி'.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி, அதை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, பிறகுதான் வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்பார். எட்டு நாற்காலிகளை அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னால், முதல் நாற்காலியைத் துடைத்து, தூக்கிப் போய் வைத்து, ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து, எழுந்து வந்து, துணியை அலசிப் பிழிந்து, அதன் பிறகே இரண்டாவது நாற்காலியின் முகத்தில் விழிப்பார். கேட்டால் கோபம் வரும். "வேலைன்னா ஒழுங்கா இருக்கணுங்க" என்பார். ஒழுங்குக்கு என்ன குறைச்சல்? நேரம்தான் குறைச்சல்.

திருச்சி ஜில்லாவில் இந்த இனத்தின் திலகம் வீரமலை. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் புள்ளிவிவரப் பிரிவு. அதில் அவர் டிராப்ட்ஸ்மேன். மழை, மகசூல், மாட்டுக் கணக்கு என்று எது வந்தாலும் அதைக் கோடும் கட்டமுமாகப் படம் போட்டுத் தருவது அவர் வேலை. சொந்த ஊர் மருங்காபுரி. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில், ஒரு மாடிப் போர்ஷன்.

அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வேட்டி உலர்த்தும் அழகைப் பார்க்க வேண்டும். கீழே கிணற்றடியில் ஒரு வேட்டியைப் பிழிந்து, இருபத்திரண்டு படி ஏறி, கொடியில் போட்டு, சுருக்கம் நீவி, இறங்கி வந்து அடுத்ததைப் பிழிவார். நாலு வேட்டிக்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

"வாளியோட மேல எடுத்துட்டுப் போனா என்னங்க?" என்று அவர் மனைவி அமிர்தம் கல்யாணமான புதிதில் கேட்டதுண்டு.

"ஒண்ணை முடிச்சுட்டுத்தான் இன்னொண்ணு" என்றார் வீரமலை. அமிர்தம் அதற்குப் பிறகு தன் புடவைகளைத் தானே உலர்த்திக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. பிரிவின் சூப்பரின்டெண்ட் சவரிநாதன் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வீரமலையின் மேஜையில் வைத்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது. ஜில்லாவில் மூன்றே மூன்று ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்தப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த மூன்று என்பதைக் கமிட்டி தீர்மானிக்கும். இருபத்துநாலு ஊர்களில் இருபது வருஷத்து மழை, எல்லாம் ஒரே படத்தில் வேண்டும்.

"எண்ணைக் காட்டினா தூங்கிடுவாங்கய்யா. கோட்டைக் காட்டினாத்தான் நிமிர்ந்து உட்காருவாங்க" என்றார் சவரிநாதன்.

ஊருக்கு ஒரு கோடு. தாலுகாவுக்கு ஒரு நிறம். கருப்பு, நீலம், சிவப்பு, பச்சை என்று நாலு. ஒவ்வொரு வருஷத்துக்கும் கோட்டின் மேல் ஓர் அடையாளம்: மழை குறைந்திருந்தால் முக்கோணம், சராசரியென்றால் வட்டம், மிஞ்சியிருந்தால் சதுரம். மொத்தம் நானூற்று எண்பது அடையாளங்கள். வேறு ஒருவராயிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். வீரமலைக்கு முகம் மலர்ந்தது.

திங்கட்கிழமை முழுவதும் கட்டம் போட்டார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, மை உலரக் காத்திருத்தல். மறுபடி குறுக்கே ஒன்று. செவ்வாய்க்கிழமை ஊர்களை ஆரம்பித்தார். அகர வரிசையில் முதல் ஊர் அரியமங்கலம், நிறம் கருப்பு. கோடு இழுக்கும் பேனாவில் கருப்பு மையை நிரப்பி, அதன் திருகாணியைத் திருகி, கோட்டின் கனத்தை வேறொரு தாளில் சோதித்து, முதல் வருஷத்திலிருந்து இரண்டாம் வருஷத்துக்கு ஒரு கோடு இழுத்தார். பேனாவை வைத்தார். அளவு பார்த்து ஒரு முக்கோணம் போட்டார். மை உலர ஊதினார். காம்பஸை எடுத்து ஒரு வட்டம் போட்டார். காம்பஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். இப்படி இருபது வருஷம் முடிந்ததும் பேனாவைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவி, துடைத்து, அடுத்த ஊருக்கான பச்சை மையை நிரப்பினார். ஒரு நாளைக்கு மூன்று ஊர்.

எதிர் மேஜையில் லூர்துராணி உட்கார்ந்திருந்தார். படங்களை மெல்லிய தாளில் நகலெடுக்கும் வேலை அவருக்கு. முன்பு அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் மரப்பெட்டிகளுக்கு அடையாளம் குத்தியவர். ஆபீசுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. புதன்கிழமை மத்தியானம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லும்மா."

"சிவப்பு ஊரு ஆறு இருக்கு. ஆறையும் ஒரே மூச்சில இழுத்துட்டா பேனாவை ஒரு தடவை நிரப்பினாப் போதும். நாலு நிறத்துக்கு நாலே தடவை கழுவலாம். நீங்க கழுவிக் கழுவி அந்தக் கிண்ணத்துத் தண்ணி என்ன நிறம்னே தெரியல."

வீரமலை நிமிரவில்லை.

"அப்புறம் இந்த முக்கோணம். ரப்பர்ல ஒரு முக்கோணம் வெட்டிக்கிட்டு, முத்திரை மையில தொட்டு, வேணுங்கற இடத்துல எல்லாம் வச்சு எடுத்துக்கிட்டே போகலாம். வட்டத்துக்கு ஒண்ணு, சதுரத்துக்கு ஒண்ணு."

இப்போது நிமிர்ந்தார். "ரப்பர் அழிக்கிற சாமான். அதை வச்சு வரையறதா?"

லூர்துராணி தன் வேலைக்குத் திரும்பினார். ஆனால் அன்றைக்கு அவர் கை சும்மா இருக்கவில்லை. மேஜைக்கு அடியில் பிளேடால் எதையோ சீவிக்கொண்டிருந்தார்.

சவரிநாதன் சாயங்காலம் வந்து படத்தைப் பார்த்தார். ஆறு ஊர்கள். "என்னய்யா இது? மருங்காபுரி பதினெட்டாவதுல கிடக்கு. உன் ஊருதானே, அதையாவது முதல்ல போட்டுடேன்."

"என் ஊருங்கறதாலதான் சார் முன்னால போடக் கூடாது" என்றார் வீரமலை. நியாயமான பேச்சு. இந்த ஆசாமிகளிடம் அதுதான் தொந்தரவு. அவர்கள் பேசுவதெல்லாம் நியாயமாகவே இருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தோளில் ஒரு புதுக் கயிற்றுச் சுருளோடு அவருடைய அக்கா பவுனம்மாள் ஆபீசுக்கு வந்து நின்றாள். மருங்காபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியவள்.

"கிணத்துல தண்ணி இன்னும் ரெண்டு ஆள் ஆழம் கீழ போயிடுச்சு தம்பி. பழைய கயிறு எட்டல. அதான் மார்க்கெட்டுக்கு வந்தேன், உன்னையும் பார்த்துட்டுப் போகலாம்னு." அவள் மேஜை மேலிருந்த வரைபலகையை எட்டிப் பார்த்தாள். "இது என்னது?"

"மழைக்கா. இருபது வருஷத்து மழை. நாளைக்கு மெட்ராஸ்லேருந்து வர்றவங்க இதைப் பார்த்துத்தான் எந்த ஏரியை வெட்டறதுன்னு முடிவு பண்ணுவாங்க."

"நம்ம ஊரு எது?"

"இன்னும் வரல. பதினெட்டாவது."

"எப்ப வரும்?"

வீரமலை மனசுக்குள் எண்ணினார். இன்றைக்கு ஒன்பது வரை. நாளைக்குப் பன்னிரண்டு. சனிக்கிழமை பதினைந்து. "திங்கட்கிழமை சாயங்காலம்."

"அவங்க நாளைக்கு வர்றாங்கன்னியே" என்றாள் பவுனம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "அப்ப நம்ம ஊருல மழை பெய்யலங்கறதை அவங்களுக்கு யாரு சொல்றது?"

அவள் கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டு, "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன் தம்பி" என்று கிளம்பிவிட்டாள்.

வீரமலையின் பார்வை ஏழாவது ஊரில் பாதியில் நின்ற கருப்புக் கோட்டுக்குத் திரும்பியது. இருபத்தோரு வருஷ சர்வீசில் அவர் படத்தில் ஒரு கோடு கோணியதில்லை, ஒரு சொட்டு மை சிந்தியதில்லை. அந்தப் பெருமையோடு பெருமையாக, சொந்த ஊரை மட்டும் தாளுக்கு வெளியே நிறுத்தப் போகிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. எழுந்து எதிர் மேஜைக்குப் போனார்.

"ஏம்மா, அந்த ரப்பரு…"

லூர்துராணி இழுப்பறையைத் திறந்தார். முக்கோணம், வட்டம், சதுரம், மூன்றும் சீராக வெட்டித் தயாராக இருந்தன.

பிறகு நடந்ததை அந்த ஆபீசில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலில் லூர்துராணி எண்களை வாசிக்க வாசிக்க, மிச்சமிருந்த ஊர்களின் இடங்களையெல்லாம் வீரமலை பென்சிலால் புள்ளி குத்தினார். அடுத்து கருப்பு மை. முதல் கருப்புக் கோடு முடிந்ததும் அவர் கை பழக்கத்தில் கிண்ணத்தைத் தேடிப் போயிற்று. கிண்ணம் அங்கே இல்லை. லூர்துராணி அதை ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"இன்னும் கருப்பு இருக்கு சார்" என்றார்.

கருப்பு முடிந்து நீலம், நீலம் முடிந்து பச்சை, கடைசியில் சிவப்பு. பேனா மூன்றே முறை கழுவப்பட்டது. மை உலர்ந்த பக்கமெல்லாம் லூர்துராணி முக்கோணங்களை ஒரே ஓட்டமாகப் பதித்துக்கொண்டு வந்தார். டொக், டொக் என்று மழைச் சொட்டுப் போல ஒரு சத்தம். முக்கோணம் முடிந்த பிறகே வட்டத்தை எடுத்தார். நாலே முக்கால் மணிக்குப் படம் முடிந்தது.

வீரமலை நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். எல்லா ஊர்களும் மேலே ஏறுவதும் இறங்குவதுமாகக் கலந்து ஓட, ஒரு சிவப்புக் கோடு மட்டும் எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு தரையாகப் போயிற்று. இருபது வருஷத்தில் பதின்மூன்று முக்கோணம். அக்கா வருஷா வருஷம் வாயால் சொன்னதுதான். இருந்தும் அவர் விரலை நீட்டி அவற்றை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி தாமதமாக வந்து, காப்பி குடித்து, அவசரமாகப் படத்தின் முன்னால் நின்றது. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை நேரே அடியில் வைத்தார். "கீழே கிடக்கிறதே இந்தச் சிவப்பு, இது எந்த ஊர்?"

சவரிநாதன் வாயைத் திறப்பதற்குள் கதவோரமிருந்து வீரமலையின் குரல் வந்தது. "மருங்காபுரிங்க."

இரண்டு மாதம் கழித்து வந்த பட்டியலில் மூன்று ஏரிகள் இருந்தன. இரண்டாவது மருங்காபுரி.

ஆக, ஆசாமி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திருந்தினார். லூர்துராணி அம்மா சொன்ன முறைதான் முறை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல் ஆபீசில் உள்ள பதினோரு பேருக்கும் அதைச் சொல்லித் தரவும் புறப்பட்டார். முதல் ஆளைத் தம் மேஜைக்கு அழைத்து, பேனாவை நிரப்பி, ஆறு கோடு இழுத்துக் காட்டி, ரப்பரைப் பதித்துக் காட்டி, பேனாவைக் கழுவித் துடைத்து வைத்து, அவரை அனுப்பிவிட்டு, இரண்டாம் ஆளை அழைத்தார்.

"எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சுச் சொல்லேன்யா" என்றார் சவரிநாதன்.

"அது மனசுல பதியாது சார்" என்றார் வீரமலை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன ஆவணியில் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினீர்களே. ஒரு பத்திரிகையை எடுத்து நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, கையை அலம்பி, உறையிலிட்டு, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, தெருக்கோடிப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் மஞ்சளைக் குழைத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. மஞ்சள் வெகு நேர்த்தியாகத் தடவியிருந்தது. விசாரித்தேன், மணமக்கள் மறுவீடு போய்த் திரும்பிவிட்டார்களாம்.