நன்றிக்கு முத்திரை தேவையில்லை

மக்கள் கூடும் இடங்களில் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளில் கண்டதையும் எழுதி அரசின் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்பதற்காக, நகராட்சியில் ஒரு வாசக அதிகாரி இருந்தார். எந்த அட்டைக்கும் அவர் முத்திரை வேண்டும். மனிதர் நல்லவர்தான், முத்திரையைத் தவிர வேறு எதையும் ஓங்கி அடித்தவர் இல்லை.

ஒரு நாள் அவர் மேசைமேல் ஓர் அட்டை வந்து விழுந்தது. 'தண்ணீர் எங்கே?' கொண்டு வந்தவள் அவர் மனைவி. பின்னால் அவர்கள் தெருவே திரண்டு நின்றது. குழாய் வறண்டு ஒரு மாதம். பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு இருக்கிறாள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை.

"எங்கேன்னு கேட்டா தொலைஞ்சு போனதா ஆயிடும். தொலைஞ்ச பொருளுக்குக் காவல் நிலையம் போகணும்," என்றார் அதிகாரி.

"சரி, 'தண்ணீர் வேண்டும்'னு எழுதிக்கறோம்."

"வேண்டுமா? அது கட்டளை. மேலிடத்துக்குக் கட்டளை போட நீ யாரு?"

"உங்க பேத்தியோட பாட்டி! பிஞ்சு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

பேத்தி என்றால் அதிகாரிக்கு உயிர். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நன்றி சொல்ற அட்டைக்கு மட்டும் முத்திரை தேவையில்லை."

"அப்போ நன்றியே சொல்லிக் குத்திக் காட்டுவோம்," என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். "எருமை மேல மழை பெஞ்சாலும் கொஞ்சம் நனையுமே!"

மறுநாள் தெரு முழுக்க அட்டைகள். 'குழாயில் காற்று வருகிறது, நன்றி!' 'குளிக்கிற வேலை மிச்சம், நன்றி!' அந்த வழியே வந்த ஆணையர் கார்க் கண்ணாடியை இறக்கிப் படித்தார். அவர் கண்ணில் பட்டது கடைசிச் சொல் மட்டும்தான். உருகிவிட்டார். அன்றே ஆணை பிறந்தது: மேற்படி தெருவாசிகள் உள்ளதைக் கொண்டு நிறைவடைந்திருப்பதால், அவர்களுக்கென ஒதுக்கிய புதுக் குழாய் வேறு தெருவுக்கு மாற்றப்படுகிறது; அவர்களது நன்றியுணர்வைப் பாராட்டி விழா எடுக்கப்படும்.

தெரு கொதித்தது. ஒரு பொழுதுதான். விழாவில் படம் எடுப்பார்கள் என்று தெரிந்ததும் முன்வரிசைக்கு அடிதடி ஆரம்பித்தது. அட்டையின் நிறத்துக்குத் துணி பொருந்தாவிட்டால் மானம் போய்விடும் என்று ஒரு நாகரிகம் வேறு கிளம்பி, தையல்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை.

விழாவன்று அதிசயமாகத் தண்ணீர் லாரி வந்தது. ஆணையர் மேல் புழுதி படக் கூடாதென்று தெருவை நனைக்க வந்த லாரி. தண்ணீர் கொட்டிச் சாக்கடைக்கு ஓடியது. அதிகாரி பதறிப்போனார். அவரே ஓடிப் பிடித்திருப்பார். கையில் ஆணையருடைய குடை.

"அடியே, வாளியை எடுத்துட்டு ஓடு! குழந்தையைக் குளிப்பாட்டலாம்!"

முன்வரிசையில் நின்ற மனைவி அட்டையை இரண்டு கைகளாலும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"சும்மா இருங்க. படம் எடுக்கறாங்க."