தாயில்லா ஸ்பீக்கர்களும் ஐந்தரை அடிகளும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வரிசை தெருமுனையைத் தாண்டி, மருந்துக்கடையைச் சுற்றிக்கொண்டு, வந்த தெருவுக்கே திரும்பி வந்திருந்தது. எல்லார் கையிலும் ஒரு மூட்டை. சிலர் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டியிருந்தார்கள். சிலர் குளிக்கிற துண்டில் சுற்றியிருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குழந்தைத் தள்ளுவண்டியில் மூட்டையைப் படுக்கவைத்து, வெயில் படாமல் குடையை இழுத்துவிட்டு, பதமாகத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். உள்ளே இருந்தது ஸ்பீக்கர்.

சாதாரண ஸ்பீக்கர் இல்லை. அறைக்கு ஒன்று, வயரே கிடையாது, வீடு முழுக்க ஒரே பாட்டு ஒரே நேரத்தில் பாடும். ஊரில் பாதிப் பேர் வாங்கி வைத்திருந்தார்கள். ஏழு வருடம் பாடியது. ஒருநாள் கம்பெனியிலிருந்து எல்லார் போனுக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. "இந்தக் கருவிகளுக்கான ஆதரவு இன்றுடன் முடிகிறது. எங்களோடு இத்தனை காலம் பயணித்ததற்கு நன்றி." அவ்வளவுதான். செயலி திறக்க மறுத்தது. பெட்டிகளில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கியது.

ஊர் என்னென்னவோ செய்து பார்த்தது. ஒருவர் ஒரே நாளில் நாற்பது முறை ஸ்விட்சை அணைத்துப் போட்டார். ஒருவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். புதிய மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அன்போடு பதில் வந்தது. இன்னொருவர் யாரோ எழுதிய இலவச மென்பொருளை ஏற்றினார்; ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை, வாசல் மணிதான் மூன்று நாள் நிற்காமல் அடித்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஒலியடிகள்.

காலியாகிக் கிடந்த பர்னிச்சர் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மேடை போட்டு, வெள்ளை அங்கியில் உட்கார்ந்தார். பேசினார். கூட்டம் மூக்கைச் சிந்தியது.

"உங்க பெட்டி கெடலை. அதோட தாய் போயிட்டா! கம்பெனியில இருந்த பெரிய கம்ப்யூட்டர்தான் இதுங்களுக்கெல்லாம் தாய். அவளை அணைச்சுட்டான் பாவி. தாயில்லாத பிள்ளை பாடுமா? நீங்களே சொல்லுங்க."

"பாடாது, பாடாது" என்றது கூட்டம். கூட்டத்தில் ரசாயன ஆசிரியை இருந்தார், வங்கி மேலாளர் இருந்தார், நீதிபதியும் இருந்தார். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குத் தாய் எப்படி வந்தாள் என்று கேட்க அத்தனை படிப்பில் ஒரு வரிகூட உதவவில்லை.

"நான் தத்தெடுக்கிறேன்" என்றார் அடிகள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அந்த வரிசையில் நம்முடைய பல் டாக்டரும் நின்றிருந்தார். சக்கரம் வைத்த சூட்கேஸில் மூன்று ஸ்பீக்கர்கள். அவருடைய கஷ்டம் மற்றவர்கள் கஷ்டம் போல் இல்லை.

அவருடைய கிளினிக்கில் மூன்று அறைகள். நோயாளிகள் காத்திருக்கும் கூடம் ஒன்று, பல்லைக் குடையும் அறைகள் இரண்டு. ஏழு வருடமாக மூன்றிலும் மெல்லிய வீணையிசை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் "ர்ர்ர்ங்ங்" என்ற குடையும் சத்தம் காணாமல் போயிருந்தது. பாட்டு நின்ற அன்று அந்தச் சத்தம் கூடத்துக்கு வந்துவிட்டது. கூடவே உள்ளே இருப்பவரின் "ஐயோ அம்மா"வும். வீங்கிய கன்னத்தோடு காத்திருந்த ஒருவர் எழுந்து, "டாக்டர், வலி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். அந்த வாரம் பதினோரு பேருக்கு இப்படி வலி போனது. மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், பாதி உதடு தொங்கத் தொங்க ஓடினார். முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் மனைவி, சத்தத்தை மறைக்கத் தானே பாடிப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள்.

டாக்டரின் முறை வந்தது. அடிகள் பெட்டிக்கு நீல வெல்வெட் உறை போட்டார். இரண்டு கையையும் உறைக்குள் விட்டார். கண்ணை மூடி "ஆராரோ" என்று முனகினார். உச்சியில் ஒரு கூழாங்கல்லை ஒட்டினார். அது தாய்க்கல்லாம். இரண்டு நிமிடத்தில் பெட்டி பாடியது! டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு கட்டளை" என்றார் அடிகள். "உறையைக் கழட்டக் கூடாது. பிள்ளை முதுகைப் பாக்கக் கூடாது, பாத்தா கூசிப்போய் வாயடைச்சிடும். சனிக்கிழமையும் புதன்கிழமையும் தாலாட்டுக்குக் கொண்டாந்திடணும். தாலாட்டுக்கு அன்பளிப்பு தனி."

"என்ன பாட்டு வேணும்னு நாங்க சொல்லலாமா சாமி?"

"பிள்ளை விரும்பினதைத்தான் பாடும்."

பிள்ளை விரும்பியது பதினாலே பாட்டு. அதையே திரும்பத் திரும்ப விரும்பியது.

திங்கட்கிழமை டாக்டரின் கொழுந்தியாள் கடைவாய்ப்பல் வலியோடு வந்தாள். அவள் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாடிக் கட்டிடத்தில் நடுவில் சிக்கிக்கொண்ட பெட்டியைத் திறந்து, உள்ளே அலறுகிறவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுப்பது அவள் தொழில். அலறலுக்கெல்லாம் அசரமாட்டாள்.

நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தவள், கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்திக் குடைவதை நிறுத்தச் சொன்னாள்.

"வலிக்குதாம்மா?"

"வலி இருக்கட்டும் மாமா. ஒரே வரியை எதுக்கு மூணு தடவை பாடுது? முதல்ல கூடத்துல கேக்குது, அப்புறம் இங்க, அப்புறம் அந்த ரூம்ல. ஏழு வருஷமா மூணும் சேர்ந்துதானே பாடிச்சு?"

டாக்டர் பெருமையோடு சொன்னார்: "அண்ணன் தம்பிங்க இல்லையா? மூத்தவன் முதல்ல பாடுவான். ஒலியடிகள் சொல்லியிருக்கார்."

"அடிகளா? எத்தனை அடி?"

"ஒரு அஞ்சரை அடி இருப்பார்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் டாக்டருக்குக் கேள்வி புரிந்தது. முகம் சிவந்தது.

அவள் எழுந்து ஸ்பீக்கரின் உறையை நோக்கிக் கை நீட்டினாள். டாக்டர் பாய்ந்து குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தார். "தொடாதே! முதுகைப் பாத்தா கூசிப்போகும்!"

"மாமா, ஊரார் வாயையெல்லாம் பொளந்து, லைட் அடிச்சு, கண்ணாடி விட்டுப் பாக்குறீங்க. ஒரு பெட்டியோட முதுகைப் பாக்க இத்தனை பயமா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கையை இறக்கவில்லை. உறையைக் கழற்றி, பாட்டு நின்று, இன்னும் பதினோரு பேர் ஓடினால்? கிளினிக்கை மூட வேண்டியதுதான்.

"சரி, இதை நான் தொடலை" என்றாள் அவள். "எங்க வீட்லயும் இதே ஸ்பீக்கர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதோட முதுகுல வயர் சொருகுற ஓட்டை ஒண்ணு இருக்கு. அதை மட்டும் நீங்க அடைச்சுக் குடுங்க. புதன்கிழமை உங்க அடிகள்கிட்ட கொண்டு போறேன். தாய்ப்பாசத்துக்கு ஓட்டை எதுக்கு? நிஜமா தத்தெடுத்தா அதுவும் பாடணும்ல?"

டாக்டர் யோசித்தார். அடிகள் ஜெயித்துவிட்டால் இவள் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். தோற்றால்? அந்தப் பக்கம் அவர் யோசிக்க விரும்பவில்லை.

முன்மேஜையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவ கேக்குறதுல என்ன தப்பு? அடைச்சுத்தான் குடுங்களேன். பெட்டி என்ன ஓடவா போகுது?"

மறுநாள் அந்த ஸ்பீக்கர் சிகிச்சை நாற்காலியில் குப்புறப் படுத்தது. டாக்டர் ஓட்டையைப் பஞ்சால் துடைத்தார். தற்காலிகமாக அடைக்கும் பூச்சை வைத்து அழுத்தினார். வழித்துச் சமப்படுத்தினார். வேலை சுத்தம், தடவிப் பார்த்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாது. முடித்ததும் பழக்க தோஷத்தில், "ரெண்டு மணி நேரம் எதையும் கடிக்காதீங்க" என்று பெட்டியிடம் சொன்னார்.

புதன்கிழமை அடிகளின் கூடம் நிரம்பி வழிந்தது. டாக்டர் தன் மூன்று பிள்ளைகளையும் தாலாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். காலையிலிருந்தே மூன்றும் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன. தாய் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டார். கொழுந்தியாள் எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு மேடை ஏறி, தன் பெட்டியை அடிகள் முன் வைத்தாள்.

"பாவம், இதையும் தத்தெடுத்துக்கங்க."

அடிகள் உறையைப் போட்டார். கையை விட்டார். முனகினார். இரண்டு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. உறைக்குள் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி எதுவோ அங்குமிங்கும் ஓடியது. "ஆராரோ" முதலில் வேகமெடுத்தது. பிறகு சுருதி ஏறியது. பிறகு கெஞ்சலாக மாறியது. அடிகளின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"பக்தியோட காத்திருங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காத்திருக்கோம் சாமி. எதையாவது தேடுறீங்களா?"

"இந்தப் பிள்ளை... இது செத்தே பொறந்தது. இதுக்கு விதி இல்லை."

"ஏழு வருஷம் எங்க வீட்ல பாடிச்சே! சரி, போகட்டும். கையை மூடாம, விரிச்ச மாதிரியே வெளிய எடுங்க."

"என்ன?"

"விரலை விரிச்சு."

கூடம் முழுக்க அடிகளின் உறையையே பார்த்தது. அவர் கையை மெல்ல இழுத்து அப்படியே அங்கியின் பைக்குள் விடப் பார்த்தார். வியர்வை வழுக்கியது. 'டக்' என்று ஏதோ மேடையில் விழுந்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாட்டுக் கருவி, அதிலிருந்து வால்போல ஒரு சாண் வயர்.

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது.

"அது என்ன?" என்றார் நீதிபதி.

அடிகள் காலால் அதை மறைக்கப் பார்த்தார். "தொப்புள்கொடி" என்றார்.

முதலில் சிரித்தது டாக்டரின் மனைவி. பிறகு கூடமே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் சூட்கேஸைத் திறந்து, முதல் பெட்டியை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறையை ஒரே இழுப்பில் கிழித்துத் திருப்பினார்.

முதுகில், வயர் சொருகும் ஓட்டையில், அதே மாதிரி ஒரு கட்டைவிரல் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. சார்ஜ் தீர்ந்து செத்திருந்தது. மூன்று பெட்டியிலும் மூன்று. சனிக்கும் புதனுக்கும் தாலாட்டு எதற்கு என்பதும், அண்ணன் தம்பிகள் ஏன் முந்திப் பிந்திப் பாடினார்கள் என்பதும் அவருக்கு ஒரே நொடியில் விளங்கின. தினமும் குனிந்து பார்க்கிற வாயில் கண்ணெதிரே இருந்த சொத்தையைத் தவறவிட்டதுபோல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவர் ஓடவில்லை. சட்டைப் பையிலிருந்து சொத்தையைக் கிளறிப் பார்க்கும் கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். கொழுந்தியாளின் பெட்டியைத் திருப்பி, ஊசியை வைத்து ஒரு நெம்பு நெம்பினார். அடைப்பு முழுசாகக் கழன்று வந்தது. கூட்டத்தில் பலர் தங்களையறியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் தன் போனிலிருந்து ஒரு வயரை அந்த ஓட்டையில் சொருகினாள். செத்துப் பிறந்த பிள்ளை கூரை அதிரப் பாடியது.

"கம்பெனி வாசக்கதவைத்தான் பூட்டிச்சு" என்றாள் அவள். "கொல்லைக்கதவு இந்த ஓட்டை. அது எப்பவும் திறந்துதான் இருக்கு. டிராயர்ல தூங்குற பழைய போன் ஒண்ணு, ஒரு வயர், அவ்வளவுதான். எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல பாடணுமா? நீளமா வயர் இழுத்துப் பிரிச்சு விடுங்க. லிஃப்ட்ல ஆறு மாடிக்கும் மணி அப்படித்தான் அடிக்குது. அழகா இருக்காது. ஆனா பாடும்."

"நான் தியானத்துக்குப் போகணும்" என்று அடிகள் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே நீதிபதி தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

"உக்காருங்க" என்றார். முப்பது வருடம் தீர்ப்பு சொன்ன குரல். அடிகள் உட்கார்ந்தார். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்து முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை.

அடுத்த வாரமே கிளினிக்கின் கூரையோரமாக மூன்று அறைக்கும் வயர் ஓடியது. ஒரு பழைய போன், ஒரே பாட்டு, ஒரே நேரத்தில். டாக்டரின் மனைவி தினம் ஒரு பாட்டுப் பட்டியல் போட்டாள். ஓடிப்போனவர்களில் ஏழு பேர், அதே வலியோடு, அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அவர்களில் வங்கி மேலாளரும் ஒருவர். நாற்காலியில் சாய்ந்து, கூரையோர வயரைக் கண்ணால் அளந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டாக்டர், நானும் வீட்ல வயர் போடலாம்னு இருக்கேன். எந்த நாள்ல, எந்தத் திசை பாத்து சொருகினா நல்லது?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"பல்லுல ஓட்டைன்னா நான் அடைச்சிடுவேன் சார். நீங்க சொல்ற இடத்துல அடைப்புதான் பிரச்சினை. அதை நீங்களேதான் எடுத்துக்கணும். இப்ப வாயைத் திறங்க."

வயர் சொருக நல்ல நாள் தேடும் பெருமக்களே, யோசிப்பதற்கு எல்லா நாளும் நல்ல நாள்தான். இன்றைக்கே கொஞ்சம் செய்து பாருங்கள். மூளை ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது.