டன் அண்ணனும் என் தொப்பையும்

எடை போட்டே பிழைப்பு நடத்திக்கொண்டு, எடையை மட்டும் துளிகூட நம்பாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் புதுச்சத்திரத்தில் இருக்கிறார். பெயர் டன் அண்ணன்.

சேலம் நாமக்கல் சாலையோரத்தில் அவருடைய எடைமேடை. லோடு லாரி ஏறி நின்றால் எடை போட்டுச் சீட்டு கொடுப்பார். இருபது வருஷம் லாரியாகவே எடை போட்டதில் மனிதருக்குக் கிலோ என்பதே மறந்துபோய்விட்டது. கறிக்கடையில் போய் நின்று, "பாயிண்ட் ஜீரோ ஜீரோ ஒண்ணு டன்னு நாட்டுக்கோழி போடுங்க" என்பார். இப்படிப்பட்டவரை யார் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

அவருக்கு எதிரே நான் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் கடை சாத்தத்தான் எழுந்திருப்பேன். தொப்பை வளர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாமக்கல் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லையில நிக்குது. மூணு மாசம் தரேன். தொப்பை குறையணும், சர்க்கரை இறங்கணும். இல்லேன்னா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மாத்திரை விழுங்க வராது. வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தால் பழம் உள்ளே போகும், மாத்திரை வெளியே வந்துவிடும். ஒரு மாத்திரைக்கு மூன்று பழம் வேண்டும். இந்தக் கணக்கில் ஆயுசு முழுக்க சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை எங்கே இறங்குவது?

என் மனைவி ஒரே வார்த்தையில் வைத்தியத்தை முடித்தாள். "நடங்க."

விஷயம் சாலையைக் கடந்து டன் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. சீட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார்.

"தம்பி, நடக்கப் போறீங்களாமா? நடந்தீங்கன்னா கொழுப்பும் போகும், சதையும் போகும். பாடியும் போயி சேஸிஸும் போயிருச்சுன்னா அப்பறம் லாரில என்னுங்க மிஞ்சும்? ஹாரனா?"

"பின்ன என்னுங்கண்ணா பண்றது?"

"இரும்பு தூக்கோணுங்க. லோடுதான் எறங்கோணும், வண்டி எறங்கப்படாது."

எடைமேடைக்குப் பின்னால் அவர் ஒரு ஜிம் வைத்திருந்தார். அங்கே கடையில் வாங்கிய சாமான் ஒன்றுகூடக் கிடையாது. லாரி அச்சு, பிரேக் டிரம், கட்டுக்கட்டாகப் பழைய ஸ்பிரிங் பட்டைகள். பாதி என் கடையிலிருந்தே போனவை என்பதால் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை. என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் சிஷ்யர்கள். முதல் நாள் ஒரு பிரேக் டிரம்மை மார்போடு அணைத்துக்கொண்டு இருபது முறை உட்கார்ந்து எழுந்தேன். மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. கடைக்கு வந்த டிரைவரிடம், "மேல் தட்டுல இருக்குது, நீங்களே எடுத்துக்கோங்க" என்றேன். அவர் பத்து நிமிஷம் தேடி எனக்கே தெரியாமல் கிடந்த இரண்டு சாமான்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

சேரும் ஆளுக்கெல்லாம் டன் அண்ணன் தன் கையாலேயே ஒரு புது அரைஞாண் கயிறு கட்டிவிடுவார். தொப்பைக்கு அதுதான் அளவுகோல். நம் பக்கத்தில் ஆண்பிள்ளை இடுப்பில் கயிறு கட்டுவது வழக்கம்தான். ஆனால் இவர் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி காலை முட்டுக்கொடுத்து இழுத்துக் கட்டுவார். வயிற்றை எக்கினால் விடமாட்டார். "மூச்ச உடுங்க சாமி! கயித்த ஏமாத்தலாம், டாக்டரம்மாவ ஏமாத்த முடியுமா?"

ஒரு மாதம் முடிந்தது. எடை பார்க்கவேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஒற்றை ஆள் ஏறினால் ஒன்றும் விளங்காது. ஆகவே முதல் நாள் ஏறியது போலவே பத்துப் பேரும் மொத்தமாக மேடையில் ஏறி நின்றோம். பின்னால் வெங்காய லோடு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சீட்டு வந்தது. முதல் நாள் எழுநூற்று அறுபது. இப்போது எழுநூற்று எழுபது.

"ஒரு மாசம் செத்துப் பொழச்சு பத்து கிலோ ஏத்தியிருக்கறோம்!" என்று பத்துப் பேரில் ஒருவரான டீக்கடைக்காரர் கத்தினார். இரும்பு தூக்குகிறவனுக்குத் தெம்பு வேண்டுமென்று வீட்டுக்கு வீடு முட்டையாக அவித்துப் போட்டதை யாரும் பேசவில்லை.

டன் அண்ணன் சீட்டுப் போடும் கூண்டிலிருந்து பாய்ந்து வந்தார். "சீட்ட யாருங்க பாக்கச் சொன்னது? அது மொத்த எடை! அதுல வண்டி எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியுமா? கயித்தப் பாருங்க!"

பத்துப் பேரும் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகச் சட்டையைத் தூக்கி இடுப்பைத் தடவிப் பார்த்தோம். தனியார் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. படியில் தொங்கிய கண்டக்டர், "ஏனுங்க, எல்லாரும் ஒண்ணா அரைஞாண் கயித்தத் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கயிறு ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. நான் நிஜமாகவே குதித்தேன்.

வீட்டில் அவ்வளவு உற்சாகம் இல்லை. "ஒரு வெரலு பத்துமாங்க? இரும்பையும் தூக்குங்க, எங்கூட நடக்கவும் செய்ங்க. சோத்துல ஒரு கரண்டி கொறைங்க" என்றாள் மனைவி. டன் அண்ணன் மனசு நோகுமே என்று பயந்து திருட்டுத்தனமாக நடந்தேன். ஒருநாள் தோட்டத்துப் பக்கம் போகையில் பின்னால் டன் அண்ணனின் மொபெட் சத்தம். மனைவி என்னை யாரோ போல விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

"தம்பி, எங்க?"

"சும்மா... உரக்கடைக்குங்க."

"அது நாலு கிலோமீட்டராச்சே! ஏறுங்க, உட்டுட்டு வாரேன்."

உரக்கடை வாசலில் இறக்கிவிட்டு நான் உள்ளே போகும்வரை நின்று பார்த்தார். வேண்டாத யூரியாவுக்கு விலை கேட்டுவிட்டு நாலு கிலோமீட்டரும் நடந்தே திரும்பினேன். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நான் நடந்தது அன்றைக்குத்தான்.

மூன்று மாதம் முடிந்த அன்று அவரும் கூடவே நாமக்கல்லுக்கு வந்தார். எனக்கு இருந்ததைவிட அவருக்குப் படபடப்பு அதிகம். எடை இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. ஆனால் இடுப்பு நாலு அங்குலம் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டை இரண்டு முறை புரட்டினார்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. மாத்திரை வேண்டாம். என்ன பண்ணீங்க?"

"இரும்புங்க டாக்டரம்மா, சுத்த இரும்பு" என்று முந்திக்கொண்டார் டன் அண்ணன்.

டாக்டரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததையும், சோறு குறைத்ததையும் சொல்லிவிட்டேன். உரக்கடையையும் சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க. கொழுப்பு கரைஞ்சது மூணும் சேர்ந்துதான். இரும்பு தூக்கலேன்னா சதையும் கூடவே போயிருக்கும். அந்த வகையில இவர் சொன்னது சரி" என்ற டாக்டரம்மா, அவர் பக்கம் திரும்பினார். "ஒரு மாடி ஏறினதுக்கு உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? கடைசியா எப்ப நடந்தீங்க?"

டன் அண்ணன் எழுந்து படியிறங்கிவிட்டார். பஸ்ஸிலும் என்னை விட்டு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். இனி என்னோடு பேசவே மாட்டார் என்று நினைத்தேன். மாத்திரையிலிருந்து தப்பிய சந்தோஷம்கூட மனதில் ஒட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலில் புது கான்வாஸ் ஷூ.

"நடக்கலாம்னு வந்தனுங்க. டாக்டரம்மா சொன்னதுக்கில்ல. நீங்க தனியா நடந்து சதையக் கரைச்சுப்போடுவீங்க, பக்கத்துல இருந்து பாத்துக்கோணுமல்ல?"

லாரி அச்சைத் தலைக்குமேல் தூக்குகிற மனிதர் முந்நூறு அடி தாண்டுவதற்குள் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கவனிப்பது தெரிந்ததும் மரத்தை மேலும் கீழும் பார்த்து, "ஒண்ணே முக்கா டன்னு இருக்கும்" என்றார்.

"அண்ணா, எனக்கு முட்டி வலிக்குதுங்க. கொஞ்சம் மெதுவாப் போலாங்களா?" என்றேன்.

"அதத்தான் நானும் பாத்துட்டே வாரேன். மெதுவா வாங்க தம்பி, நான் இருக்கறனல்ல" என்று என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

எட்டு மாதமாக நாங்கள் சேர்ந்து நடக்கிறோம். தினமும் புளியமரம் வந்ததும் முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த வலியும் இல்லை. இந்த மனிதர் என் கடைக்கு எதிரே இன்னும் ரொம்ப வருஷம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.