பாறமுக்கு முன்னேறிய விதம்

அரசாங்கம் ஒரு நாள் கவலைப்பட்டது. ஒரே நாட்டில் ஒரு ஊர்க்காரன் கையில் காசு புரளுவதும், அடுத்த ஊர்க்காரன் கை காய்ந்து கிடப்பதும் ஏன் என்று கவலை. கவலை முற்றினால் கமிட்டி போடுவதுதானே வழக்கம். எழுபத்து மூன்றாம் வருஷம் 'பிரதேச வருமான ஏற்றத்தாழ்வுக் காரணம் கண்டறியும் குழு' என்று ஐந்து உத்தியோகஸ்தர்கள் வந்து, கரமனைக்கு இரண்டு மைல் தள்ளி, பாறமுக்கு என்ற கல்லுக்குன்றில் கூடாரம் அடித்தார்கள்.

பாறமுக்கில் சம்பாதிக்கிறவர்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஆளுக்கு மாசம் முப்பத்தைந்து ரூபாய் தேறும். சராசரி ஐம்பதுக்குக் கீழே இருந்தால் அது பின்தங்கிய பகுதி. பின்தங்கிய பகுதிக்குத் தண்ணீர்க் குழாய் உண்டு என்று சட்டம். குழாய் வந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

குழுத் தலைவர் அனந்தபத்மநாபன், கரமனை அக்ரகாரத்துக்காரர். சித்தாள் உலகம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"உங்க ஊர் ஏன் ஏழையா இருக்கு, சொல்லு பார்ப்போம்."

"தண்ணி இல்ல சாமி. விடியமுன்ன ஆத்துக்குப் போயி ஒரு குடம் சுமந்துட்டு வாரதுக்குள்ள, கரமனை முக்குல மேஸ்திரி ஆள் எடுத்துட்டுப் போயிருதாரு. பாதி நாளு சும்மாத்தான் திரும்புதேன். ஒரு கொழா போட்டுத் தந்தா தெனமும் வேல உண்டு."

தலைவர் கணக்கர் பிச்சுமணியைப் பார்த்தார். "காரணம் மாதிரி இருக்கே, ஓய்!"

"இருக்கு. ஆனா மொத நாளே கெடச்சுடுத்துன்னா, பாக்கி முப்பத்தொம்பது நாள் படிப்பணம் என்னாறது?"

"அதுவும் நியாயம்தான். 'மேலும் ஆராயத்தக்கது'ன்னு எழுதும்."

ஆராய்ந்தார்கள். குழு குடிக்கவும் குளிக்கவும் தினமும் ஜீப்பில் தண்ணீர் வந்தது. உலகம்மாள் ஒரு குடம் கேட்டாள்.

"கூடாதும்மா," என்றார் பிச்சுமணி. "உங்களுக்குத் தண்ணி இல்லேங்கறதைத்தானே ஆராயறோம். குடுத்தா ஆராய்ச்சி கெட்டுப் போயிடும்."

நாற்பதாம் நாள் முடிவை வாசித்தார்கள். முப்பது நாள் ஓரிடத்தில் தங்கியவர் அவ்விடத்துக் குடிவாசி என்பது விதி. ஆகவே ஆளுக்கு அறுநூறு ரூபாய்ச் சம்பளத்தில் ஐந்து பேர் பாறமுக்குக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கூட்டி வகுத்ததில் சராசரி நூற்று முப்பத்தொன்பது ரூபாய் அறுபத்து மூன்று பைசா.

"நீங்க முன்னேறிட்டேள்," என்றார் தலைவர். "முன்னேறின ஊருக்குக் குழாய் கெடையாது."

உலகம்மாள் யோசித்தாள். "நீங்க கெளம்பிப் போயிட்டா நாங்க பழையபடி ஏழையாயிருவோம்லா, சாமி? அப்பக் கொழா வருமா?"

"அதான் எங்களுக்கும் பயம். முன்னேறின ஊரை மறுபடி ஏழையாக்கற பாவம் எங்களுக்கு எதுக்கு? இங்கேயே ஸ்திரமா ஆபீஸ் போடப்போறோம்."

போட்டார்கள். ஆபீஸ் கட்ட ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் வேலை இரண்டு மாசம் உலகம்மாளுக்கே கிடைத்தது. 'உள்ளூர் வேலைவாய்ப்பு' என்று அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டி முடிந்ததும் குழாய் வந்தது, ஆபீஸ் மதிலுக்கு உள்ளே. உலகம்மாள் மறுபடி ஆற்றுக்கு நடந்தாள். காகிதத்தில் அவளுக்கு மாசம் நூற்று முப்பத்தொன்பது ரூபாய்.

இந்தச் சங்கதி விழிஞ்ஞம் போகிற வழியில் இருக்கும் எங்கள் குடியிருப்புக்கும் எட்டியது. எங்களுக்குப் பொறுக்கவில்லை. "பாறமுக்குக்காரனுக்கு நூத்து முப்பத்தொம்பது, நமக்கு நாப்பதா? இது என்ன ஓரவஞ்சனை!" என்று கூட்டம் போட்டோம். நேசையன் மட்டும் எழுந்து, "நாம கொழா கேப்போமே," என்றான். விவரம் தெரியாதவன் என்று அவனை உட்காரவைத்தோம்.

மனு ஒரே வரிதான்: 'எங்களுக்கும் ஒரு கமிட்டி வேண்டும்; பெரிய சம்பளக்காரர்களாகப் பார்த்து அனுப்பவும்.'

முதல் கையெழுத்து என்னுடையது.